கோயில், சர்ச், மசூதி ஸ்பீக்கர்: வழிபாட்டு உரிமையின் எல்லை எது? சட்டம் சொல்வது என்ன?

மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலை நாலரை மணிக்கே ஸ்பீக்கரில் திருப்பாவை. ஆடி வந்தால் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாள் முழுக்க பக்திப் பாட்டு. டிசம்பரில் சர்ச்சில் நள்ளிரவு ஆராதனை. வருஷம் முழுக்க ஐந்து வேளை பாங்கு. நெமிலிச்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என மேற்குப் புறநகரில் எங்கே வீடு எடுத்தாலும் இவற்றில் ஒன்றாவது காதில் விழும்.

ஒரு பக்கம் அரக்கோணம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. இரண்டும் சந்திக்கும் நெமிலிச்சேரியைச் சுற்றி புதுப்புது நகர்கள் முளைத்தபடி இருக்கின்றன. பழைய கிராமக் கோயிலுக்குப் பக்கத்திலேயே புது அடுக்குமாடி, அதற்கு இரண்டு தெரு தள்ளி ஜெபக்கூடம், அதற்கும் அப்பால் பள்ளிவாசல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படுப்பவரும், பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாயும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

"சாமி கும்பிடுறது எங்க உரிமை" என்கிறது ஒரு வீடு. "நிம்மதியா தூங்குறது எங்க உரிமை" என்கிறது அடுத்த வீடு. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அப்படியென்றால் எந்த உரிமை எங்கே நிற்கும்?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டிலேயே பதில் சொல்லிவிட்டது. அதுவும் சென்னைப் புறநகரில் இருந்து போன ஒரு வழக்கில். அமெரிக்காவிலும் இதே சண்டை 75 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. முழு விவரம் இதோ.

சுருக்கமாக 5 விஷயங்கள்

- வழிபட எல்லோருக்கும் உரிமை உண்டு. ஸ்பீக்கரில் வழிபட தனி உரிமை எதுவும் இல்லை.
- எந்த மதமாக இருந்தாலும், எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஸ்பீக்கர் வைக்கக் கூடாது.
- இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஸ்பீக்கருக்குத் தடை.
- குடியிருப்புப் பகுதியில் பகல் நேர ஒலி அளவு 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்.
- சட்டம் அளப்பது சத்தத்தை மட்டும்தான். பாடலையோ பிரார்த்தனையையோ அது அளப்பதில்லை.

மாதவரம் வழக்கு: என்ன நடந்தது?

சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் உள்ள கே.கே.ஆர். நகரில் 'சர்ச் ஆஃப் காட்' என்ற பெந்தெகொஸ்தே சபையின் ஜெபக்கூடம் இருந்தது. டிரம், கிட்டார் போன்ற இசைக்கருவிகளோடு பாடி ஆராதிப்பது அந்தச் சபையின் வழக்கம். சத்தம் தாங்க முடியவில்லை என்று அங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் காவல் துறையிடமும் புகார் கொடுத்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். அந்த இடத்தில் இருந்த சத்தம் முழுவதும் சர்ச்சிலிருந்து மட்டும் வரவில்லை, சாலையில் ஓடும் வண்டிகளின் இரைச்சலும் அதில் சேர்ந்திருந்தது. உயர் நீதிமன்றம் இதைக் கவனித்தது. சர்ச்சின் வழிபாட்டை முடக்கும் எண்ணம் இதில் இல்லை என்றும் சொன்னது. ஆனாலும், சர்ச்சின் ஒலி அனுமதித்த அளவைத் தாண்டினால் அதைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதே உத்தரவு.

சபை உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. மத சுதந்திரம் பாதிக்கப்படுகிறது, சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கத்தோடு இந்தப் புகார் வந்திருக்கிறது என்பது அதன் வாதம்.

2000-ம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று நீதிபதிகள் எம்.பி.ஷா, எஸ்.என்.புகான் அமர்வு தீர்ப்பு சொன்னது. மற்றவர்களின் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. ஒலிபெருக்கி வைத்தோ டிரம் அடித்தோதான் வழிபட வேண்டும் என்றும் சொல்லவில்லை. அப்படியே ஒரு வழக்கம் இருந்தாலும், அது கைக்குழந்தைகள், மாணவர்கள், முதியவர்கள், நோயாளிகள் ஆகியோரின் உரிமையைப் பாதிக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பின் சாரம். மேல்முறையீடு தள்ளுபடியானது.

அந்த ஜெபக்கூடத்தை மூடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவில்லை. ஆராதனையை நிறுத்தவும் சொல்லவில்லை. 'வால்யூமைக் குறைங்க' என்பதோடு அதன் எல்லை முடிந்தது. இன்றுவரை நாடு முழுக்க ஸ்பீக்கர் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 25-வது பிரிவு மூன்று உரிமைகளைத் தருகிறது: ஒரு மதத்தை ஏற்பது, அதைக் கடைப்பிடிப்பது, அதைப் பரப்புவது. குடிமக்களுக்கு மட்டுமல்லாமல், எல்லா நபர்களுக்கும் இந்த உரிமை உண்டு.

ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே நிபந்தனை இருக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, மக்களின் உடல்நலம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான் இந்த உரிமை.

சத்தம் இதில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று உடல்நலம். தூக்கம் கெடுவதும், ரத்த அழுத்தம் ஏறுவதும், காது பாதிக்கப்படுவதும் உடல்நலப் பிரச்னைகள். இன்னொன்று, 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமை. நிம்மதியாக வாழ்வதும் அதில் அடங்கும் என்று 2005-ம் ஆண்டு ஒலி மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

பேச்சுரிமை வாதத்துக்கும் அந்தத் தீர்ப்பில் பதில் இருக்கிறது. பேச உனக்கு உரிமை உண்டு என்றால், கேட்காமல் இருக்க எனக்கும் உரிமை உண்டு. விருப்பமில்லாதவரின் காதில் வலுக்கட்டாயமாகத் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை.

எத்தனை மணி? எத்தனை டெசிபல்?

2000-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளை அறிவித்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த இந்த விதிகள்தான் இன்றும் அடிப்படை. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. மற்ற நேரம் இரவு.

பகுதிவாரியாக அளவுகள்:

- தொழிற்பேட்டை: பகலில் 75, இரவில் 70 டெசிபல்
- வணிகப் பகுதி: பகலில் 65, இரவில் 55 டெசிபல்
- குடியிருப்பு: பகலில் 55, இரவில் 45 டெசிபல்
- அமைதி மண்டலம்: பகலில் 50, இரவில் 40 டெசிபல்

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக்கலாம். ஆனால் மாநில அரசு முறையாக அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம் என்று 2017-ல் வந்த திருத்தம் சொல்கிறது.

ஸ்பீக்கருக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. பொது இடத்தில் வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் ஒலி, பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் வரைதான் கூடலாம். அல்லது 75 டெசிபல். இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. தனியார் இடத்தில் வைத்தால் 5 டெசிபல் மட்டுமே கூடலாம்.

சிம்பிளாகச் சொன்னால், நெமிலிச்சேரியில் ஒரு குடியிருப்புத் தெருவில் பகலில் கோயில் விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டினால், எல்லையில் 65 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசும் சத்தமே கிட்டத்தட்ட 60 டெசிபல். அப்படியென்றால் இந்த வரம்பு எவ்வளவு குறைவு என்பது புரியும்.

டெசிபல் கணக்கில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 65-க்கும் 75-க்கும் வெறும் 10 தானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

விதியை மீறினால் முன்பு சிறைத் தண்டனை வரை போக வாய்ப்பு இருந்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் மட்டும்தான். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது 10 ஆயிரம் ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

அப்போ மார்கழி பாட்டு? அதிகாலை பாங்கு? நள்ளிரவு ஆராதனை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். விதிப்படி பார்த்தால் மூன்றுக்கும் ஒரே பதில்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஸ்பீக்கர், ஒலி எழுப்பும் கருவி, இசைக்கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது. மூடிய அரங்குக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம். பொது அவசர நிலைக்கும் விலக்கு உண்டு.

ஒரே ஒரு தளர்வு இருக்கிறது. பண்பாட்டு விழா, மத விழா நாட்களில் இரவு 10 முதல் 12 மணி வரை ஸ்பீக்கர் வைக்க மாநில அரசு அனுமதி தரலாம். ஆனால் ஒரு ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மேல் கூடாது. இந்த அதிகாரத்தைக் கீழ்நிலை அதிகாரிகளிடம் ஒப்படைக்க முடியாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதாவது ஒரு ஊர்த் திருவிழாவுக்கு உள்ளூர் போலீஸே இந்தச் சலுகையைக் கொடுத்துவிட முடியாது.

இந்தத் தளர்வு நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடுகிறது. அதிகாலைக்கு எந்தத் தளர்வும் கிடையாது. அதனால்:

- மார்கழியில் காலை 6 மணிக்கு முன் கோயில் கோபுரத்து ஸ்பீக்கரில் திருப்பாவை, திருவெம்பாவை போடுவது விதிமீறல். ஸ்பீக்கரும் கருவிகளும் இல்லாமல் வெறும் குரலில் பாடிப் போனால் இந்தத் தடை வராது.
- சென்னையில் அதிகாலைத் தொழுகை நேரம் எந்த மாதத்திலும் 6 மணிக்கு முன்புதான். அந்தப் பாங்கை வெளி ஸ்பீக்கரில் ஒலிபரப்புவதும் இதே விதிக்குள் வரும். குரலால் அழைப்பதற்குத் தடை இல்லை.
- கிறிஸ்துமஸ், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையை ஆலயத்துக்குள் நடத்தலாம். சத்தம் வெளியே போகும்படி ஸ்பீக்கர் வைத்தால் சிக்கல்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பல ஊர்களில் மூன்றும் நடக்கின்றன. அக்கம்பக்கத்தார் பழகிப்போய் விட்டுவிடுகிறார்கள். யாராவது புகார் கொடுக்கும்போதுதான் விதி நினைவுக்கு வருகிறது.

ஸ்பீக்கர் மதத்தின் ஒரு பகுதியா?

ஒரு மதத்தின் 'இன்றியமையாத வழக்கம்' எதுவோ அதற்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு. இந்தக் கோட்பாடு பிறந்ததும் பழைய மெட்ராஸ் மாகாணத்து வழக்கு ஒன்றில்தான். 1954-ல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வகுத்தது. ஸ்பீக்கர் அப்படி ஒரு இன்றியமையாத வழக்கமா?

2020 மே மாதம், ஊரடங்கு காலத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. பாங்கு சொல்வது இஸ்லாத்தின் இன்றியமையாத பகுதி. ஆனால் ஸ்பீக்கரில் சொல்வது அப்படி இல்லை. ஒலிபெருக்கி கண்டுபிடிக்கப்படும் முன்பும் பாங்கு இருந்ததே என்பதுதான் இதன் பின்னால் உள்ள எளிய தர்க்கம். குரலால் பாங்கு சொல்வதை நிர்வாகம் தடுக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

2022 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு வேறு மாதிரி ஒரு மனு வந்தது. பாங்கில் வரும் வாசகங்களே பிற மதத்தவரைப் புண்படுத்துகின்றன என்றது அந்த மனு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாசகம் பிரச்னை இல்லை, ஒலி விதிகள் அமலாகின்றனவா என்று பாருங்கள் என்றது.

2023 நவம்பரில் குஜராத் உயர் நீதிமன்றம், மசூதி ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தடை கேட்ட பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தது. சில நிமிடங்களே நீடிக்கும் பாங்கு ஒலி மாசு என்றால், கோயிலில் அதிகாலையில் மேளதாளத்தோடு நடக்கும் ஆரத்தி யாருக்கும் கேட்காதா என்று நீதிபதிகள் திருப்பிக் கேட்டார்கள்.

2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஸ்பீக்கர் எந்த மதத்துக்கும் இன்றியமையாத பகுதி இல்லை என்று சொன்னது. புகார் கொடுப்பவரின் அடையாளத்தை வெளியிடாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. புகார் கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் தெருவே அவருக்கு எதிராகத் திரும்பும் என்பது நீதிமன்றத்துக்கும் தெரிந்திருக்கிறது.

இந்த நான்கு உத்தரவுகளிலும் ஒரு பொதுவான கோடு ஓடுகிறது. ஒலியைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தச் சாக்கில் ஒரு மதத்தை மட்டும் குறிவைக்கக் கூடாது.

அமெரிக்காவில் எப்படி?

1791-ல் வந்த முதல் திருத்தம்தான் அங்கே அடிப்படை. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, மதத்தைச் சுதந்திரமாகக் கடைப்பிடிப்பதையும் தடுக்கக் கூடாது. இந்தியாவைப் போல 'பொது ஒழுங்குக்கு உட்பட்டு' என்ற நிபந்தனை அந்த வரிகளில் இல்லை. அதனால் எல்லைகளை நீதிமன்றங்கள்தான் வழக்கு வழக்காக வரைந்தன.

ஸ்பீக்கர் வழக்கு அங்கே 1948-லேயே வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் லாக்போர்ட் என்ற ஊர். யெகோவாவின் சாட்சிகள் அமைப்பைச் சேர்ந்த ஒரு போதகர் காரின் மேல் ஒலிபெருக்கி கட்டி, பூங்காவில் பிரசங்கம் செய்தார். புகார்கள் வந்ததால் போலீஸ் தலைவர் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார். அவர் தொடர்ந்து பேச, தண்டிக்கப்பட்டார்.

'சையா எதிர் நியூயார்க்' என்ற அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் போதகர் பக்கம் நின்றது. ஏன்? எவ்வளவு சத்தம், எந்த நேரம், எந்த இடம் என்று எந்த வரையறையும் இல்லாமல், ஒரு போலீஸ் அதிகாரியின் விருப்பத்துக்கு அனுமதியை விட்டுவிட்டதுதான் தவறு. அப்படி விட்டால் பிடிக்காத கருத்தை அவர் வாயடைத்துவிடலாம் என்பது நீதிமன்றத்தின் கவலை.

அடுத்த ஆண்டே, 1949-ல், நியூ ஜெர்சியின் ட்ரென்டன் நகரில் ஒலிபெருக்கி வண்டிகளின் பேரிரைச்சலுக்குத் தடை விதித்த சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பேசும் விஷயத்தைத் தொடாமல் நேரம், இடம், முறை ஆகியவற்றை மட்டும் ஒழுங்குபடுத்தலாம் என்ற கொள்கை இப்படித்தான் உறுதியானது.

2004-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராம்க் நகரிலும் இதே கேள்வி எழுந்தது. போலந்துக் கத்தோலிக்கர்கள் நிறைந்திருந்த ஊரில் முஸ்லிம்கள் குடியேறினார்கள். ஸ்பீக்கரில் பாங்கு சொல்ல அனுமதி கேட்டார்கள். பெரிய சர்ச்சை. நகர மன்றம் ஒலிச் சட்டத்தைத் திருத்தி, பாங்குக்கும் சர்ச் மணிக்கும் ஒரே விதியை எழுதியது: காலை 6 முதல் இரவு 10 வரை, சில நிமிடங்கள் மட்டும். நம்ம ஊர் விதியில் இருக்கும் அதே 6 மணி, அதே 10 மணி!

எல்லா ஊரும் ஒரே மாதிரி முடிவெடுக்கவில்லை. மினியாபொலிஸ் நகர மன்றம் 2023 ஏப்ரலில் ஐந்து வேளைப் பாங்கையும் ஸ்பீக்கரில் சொல்ல அனுமதித்தது.

அமெரிக்காவில் இன்றைய பெரிய சண்டைகள் ஒலியைவிட அரசுப் பள்ளிகளைச் சுற்றியே நடக்கின்றன. அரசுப் பள்ளியில் அதிகாரபூர்வப் பிரார்த்தனை கூடாது என்று 1962-ல் தீர்ப்பு வந்தது. 60 ஆண்டு கழித்து, 2022-ல், போட்டி முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டுப் பிரார்த்தித்த கால்பந்துப் பயிற்சியாளருக்கு ஆதரவாக 6-3 என்று தீர்ப்பு வந்தது. தனி மனிதர் பிரார்த்திக்கிறாரா, அல்லது அரசு ஊழியர் என்ற அதிகாரத்தோடு மாணவர்களையும் இழுக்கிறாரா என்பதுதான் அங்கே கோடு. அந்தக் கோடு எங்கே விழும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

எல்லை இல்லாத இடமும் உண்டா?

உண்டு. இதற்கும் நம் பக்கத்து மாநிலத்தில் இருந்தே ஒரு வழக்கு. 1985-ல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடவில்லை. கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் வாய் திறந்து பாடுவதற்குத் தங்கள் மதம் இடம் தரவில்லை என்றார்கள். பள்ளி அவர்களை நீக்கியது.

1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பில், 1943-ல் அமெரிக்கப் பள்ளிகளில் கொடி வணக்கம் செய்ய மறுத்த பிள்ளைகளின் வழக்கும் பேசப்பட்டது.

மாதவரம் வழக்கில் சபை தோற்றது, கேரள வழக்கில் பிள்ளைகள் ஜெயித்தார்கள். இரண்டுமே மத சுதந்திர வழக்குகள்தான். ஏன் இந்த வித்தியாசம்? பிள்ளைகளின் மௌனம் யாருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை, யாருடைய வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. ஸ்பீக்கர் சுவரைத் தாண்டி வருகிறது. நம்பிக்கை ஒருவரோடு நிற்கும்வரை சட்டத்தின் பாதுகாப்பு மிக வலுவாக இருக்கும். அடுத்தவரின் எல்லைச் சுவரைத் தொடும்போது கட்டுப்பாடு தொடங்கும்.

பிரச்னை எங்கே இருக்கிறது?

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அமல்படுத்துவதில்தான் கோளாறு. கோயில், சர்ச், மசூதி மட்டும் கிடையாது. அரசியல் கூட்டம், கல்யாண ஊர்வலம், காதுகுத்து, திறப்பு விழா எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பெரிய விழாவையும் கட்சிக் கூட்டத்தையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, ஆள்பலம் இல்லாத ஒரு சின்னச் சபையிலோ தெருமுனைக் கோயிலிலோ மட்டும் ஸ்பீக்கரைக் கழற்றினால், அது ஒலிக் கட்டுப்பாடு என்ற பெயரில் நடக்கும் பாரபட்சம்.

மாதவரம் சபை சொன்ன 'உள்நோக்கம்' வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லைதான். ஆனால் அந்தப் பயம் எல்லா நேரமும் கற்பனை ஆகிவிடாது. வேறு கசப்பைத் தீர்த்துக்கொள்ள ஒலிப் புகாரை ஆயுதமாக்குபவர்களும் இருக்கலாம். அதற்கு ஒரே மருந்து அளவீடுதான். மீட்டர் வைத்து அளந்தால், சத்தம் அதிகமா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த விதிகள் ஒலியைப் பற்றியவை மட்டுமே. ஒரு வீட்டில் பஜனை நடக்கலாமா, ஜெபக்கூட்டம் நடக்கலாமா என்பதை இவை தீர்மானிப்பதில்லை.

நெமிலிச்சேரி பக்கம் இருப்பவர் என்ன செய்யலாம்?

சத்தத்தால் பாதிக்கப்பட்டவர்கள்:

- முதலில் பேசிப் பாருங்கள். கோயில் நிர்வாகிகள், பாஸ்டர், ஜமாத் யாராக இருந்தாலும், வீட்டில் நோயாளி இருக்கிறார், பரீட்சை நேரம் என்று சொன்னால் பெரும்பாலும் ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பார்கள். பாதிப் பிரச்னை இங்கேயே முடியும்.
- தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்து வையுங்கள். வீடியோ எடுத்து வைப்பதும் உதவும். செல்போன் ஆப் காட்டும் டெசிபல் தோராயம்தான், அதை மட்டும் நம்ப வேண்டாம்.
- உடனடி உதவிக்கு 100 அல்லது 112. எழுத்துபூர்வப் புகாரை உள்ளூர் காவல் நிலையத்திலும், ஆவடி காவல் ஆணையரகத்திலும் கொடுக்கலாம். திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கும் மனு அனுப்பலாம்.
- பகலில் ஒலி, பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் புகார் கொடுக்கலாம். இரவில் விதியை மீறி ஸ்பீக்கர் வைத்தாலே போதும்.
- புகாரில் மதத்தை இழுக்க வேண்டாம். இடம், நேரம், சத்தம் இந்த மூன்றும் போதும்.

விழா நடத்துபவர்கள்:

- காவல் துறையிடம் முன்கூட்டியே எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். அனுமதிக் கடிதத்தில் உள்ள நேரத்தைக் கவனியுங்கள்.
- கூம்பு ஸ்பீக்கரைத் தவிருங்கள். விநாயகர் சதுர்த்தி போன்ற விழாக்களில் பெட்டி வடிவ ஸ்பீக்கர் மட்டும் வைக்க வேண்டும் என்று போலீஸ் நிபந்தனை போடுவது இதற்காகத்தான். கூம்பு, சத்தத்தை வெகுதூரம் தள்ளிவிடும்.
- ஸ்பீக்கரை உயரத்தில் கட்டி வீடுகளைப் பார்த்துத் திருப்பாமல், கூட்டம் இருக்கும் பக்கம் தாழ்வாகத் திருப்பி வையுங்கள். ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் பல சின்ன ஸ்பீக்கர்கள் வைத்தால் வெளியே போகும் சத்தம் குறையும்.
- மைக் செட்டுக்காரரிடம் நேரத்தையும் வால்யூமையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் தவறு இங்கேதான் நடக்கிறது.

மேற்குப் புறநகரில் வீடுகள் நெருங்கிக்கொண்டே போகின்றன. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு மதத்தார் வாழும் தெருக்கள் இனி இன்னும் கூடும். இன்று புகார் கொடுப்பவர் வீட்டிலேயே நாளை விசேஷம் வரும், அவரும் ஸ்பீக்கர் கட்டுவார். 65 டெசிபல் என்ற எண் அவருக்கும் சேர்த்துத்தான்.